கணுவில் ஓடிய வெள்ளைக் கோடு

சந்திரகாந்தா முதலில் பழி போட்டது புருஷன் மேல்தான்.

“பிரைமர் டப்பாவ மாடிக்கு எடுத்துக்கினு வராதீங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது? பாருங்க, செடி மேல கொட்டி வெச்சிருக்கீங்க.”

சுமதிநாதனுக்குத் திண்டிவனம் செஞ்சி ரோட்டில் பெயின்ட், இரும்புச் சாமான் கடை. கம்பெனிக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போகும் புது நிறங்களை வீட்டு மாடி வராந்தாவின் சுவரில் ஒரு பட்டை அடித்துப் பார்ப்பது அவர் வழக்கம். அதனால் அவரே ஒரு கணம் தன்னைச் சந்தேகப்பட்டார். ஈரத்துணியோடு வந்து, அன்று காலைதான் சுருள் பிரிந்திருந்த அந்த இலையைத் துடைத்தார். போகவில்லை. அழுத்தித் துடைத்தார். அப்போதும் போகவில்லை. நகத்தால் சுரண்டப் போனபோது சந்திரகாந்தா அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

“விடுங்க. இது பெயின்ட் இல்ல.”

அது மான்ஸ்டிரா. முறம்போல அகன்று, ஓரத்திலிருந்து உள்ளே கிழிந்து கிழிந்து விரியும் இலைகளோடு கம்பைப் பற்றி ஏறும் கொடி. பொம்மையார்பாளையத்தில் நர்சரி வைத்திருக்கும் ராயப்பனிடம் வாங்கி வந்தது. அதுவரை விட்ட இலையெல்லாம் ஒரே பச்சை. இந்த ஒன்று மட்டும் நடு நரம்புவரைக்கும் கரும்பச்சை, அதைத் தாண்டினால் பால் வெள்ளை. அளவு பிடித்து வெட்டி ஒட்டியதுபோல அத்தனை சுத்தமாக இருந்தது. 2010, ஆடி மாதம். அன்றைக்கு அவள் தோசைக்கல்லை அடுப்பில் போட்டுவிட்டு மறந்துபோனாள்.

பக்கத்து வீட்டுக் கிளியம்மாள் துணி காயப்போட வந்தவள் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, “யக்கா, இலைக்கு இன்னாவோ சீக்கு வந்துகீது. கிள்ளிப் போட்டுட்டு மருந்து அடிங்க, மத்ததுக்கும் பரவிடப் போவுது” என்றாள். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் சுமித், போட்டோவைப் பார்த்ததும் ஆபீஸ் நேரத்திலேயே போன் பண்ணினான். “அம்மா, அத யாரையும் தொட விடாத. வெளிநாட்டுல இதுக்கு ஜனங்க அடிச்சிக்கிறாங்க.”

யார் பேச்சைக் கேட்பது? சந்திரகாந்தா ராயப்பனுக்குச் சொல்லி அனுப்பினாள்.

அவர் டிவிஎஸ் வண்டியை வாசலில் போட்டுவிட்டு மாடியேறி வந்து, செருப்பைக் கழற்றி, தொட்டிக்கு முன்னால் குந்தினார். இலையைத் தொடவில்லை. தண்டைத்தான் பார்த்தார், கீழிருந்து மேலே, சுற்றிச் சுற்றி.

“இது நான் குடுத்த செடியாம்மா?”

“உங்ககிட்ட வாங்கினதுதாண்ணே.”

“எத்தினியோ வருசமா செடி வெச்சிக்கினு கீறேன். எனக்கு இப்பிடி ஒண்ணு பொறக்கல பாருங்க.” பொறாமையை மறைக்கத் தெரியாத மனுஷன். அதனாலேயே அவரைச் சந்திரகாந்தாவுக்குப் பிடிக்கும்.

தண்டில் இலைக்காம்பு ஒட்டும் கணுவைச் சுட்டிக்காட்டினார். பச்சைத் தண்டில் சுண்ணாம்பு தொட்டு இழுத்தாற்போல ஒரு வெள்ளைக் கோடு, கணுவின் மேல் ஏறிப் போனது. “இலையப் பாத்து மயங்காதீங்க. விஷயம் இங்க கீது. இந்தக் கோடு இருக்கிற வரைக்கும்தான் இந்த அழகு. பச்சைதான் சம்பாதிக்கிறது, வெள்ளை குந்திக்கினு சாப்புடறது. ரெண்டும் சமமா இருந்தா குடும்பம் ஓடும். வெள்ளையே ஜாஸ்தியாப் பூட்டா செடி பட்டினி கெடந்து சாவும். பச்சையே ஜாஸ்தியானா பழையபடி சாதாச் செடி.”

“அப்பிடி ஆனா இன்னாண்ணே பண்றது?”

“வெட்டணும். ரெண்டு நெறமும் ஓடுற கணுவாப் பாத்து, அதுக்கு மேல வெட்டணும். அங்கேர்ந்து புதுசா தளிர் வரும்.”

சந்திரகாந்தாவின் முகம் சுருங்கியது. வெங்காயம், உருளைக்கிழங்கு, முள்ளங்கி எதுவும் நுழையாத சமண நயினார் வீடு அது. கிழங்கைப் பிடுங்கினால் செடியின் உயிர் அதோடு போகிறது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள். வெயில் படாமல், தண்ணீர் குறையாமல் ஒரு செடியைப் பார்த்துக்கொள்வது அவளுக்குத் தெரியும். நன்றாக இருக்கிற தண்டில் கத்தி வைப்பது தெரியாது.

ராயப்பன் அதைப் பார்த்துவிட்டார். “எங்கிட்ட குடுத்துடுங்கம்மா. கடலோரம், காத்துல ஈரம் இருக்கும். நெழல் வலை போட்டு வெச்சிருக்கேன். உங்க ஊரு கத்திரி வெயிலுக்கு இது நிக்காது. தகரத்துக்குக் கீழ வேற வெச்சிருக்கீங்க.”

“எங்க வீட்ல பொறந்தது, எங்க வீட்லயே நிக்கட்டும்ண்ணே.”

“நிக்காதும்மா.”

“பாக்கலாம்.”

அவர் மோரைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். கோபமில்லை. ஆனால் தெருமுனை திரும்பும்வரை இரண்டு தடவை மாடியைத் திரும்பிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு வந்த இலைகள் ஒன்றைவிட ஒன்று வெளுப்பு. முக்கால் வெள்ளை, அப்புறம் ஓரத்தில் மட்டும் பச்சை, தை மாதம் வந்ததோ முழு வெள்ளை. மேல்சித்தாமூர்க் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிய உறவுக்காரர்கள் வண்டியை நிறுத்தி மாடியேறி வந்து பார்த்தார்கள். “காயிதத்துல செஞ்ச மாதிரி இருக்குதே” என்று ஒருவர் சொல்ல, சந்திரகாந்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. செடிக்கு எதிரே நாற்காலி எடுத்துப் போட்டு வைத்தாள். வெட்டணும் என்று ராயப்பன் சொன்னது காதில் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. இவ்வளவு அழகாக இருக்கிறதை எதற்கு வெட்டுவது என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டாள்.

பங்குனியில் வெள்ளை இலைகளின் ஓரம் காப்பிக் கறைபோலப் பழுப்பாகியது. சித்திரையில் கறை நடுநரம்பைத் தொட்டது. அடியிலிருந்த பழைய பச்சை இலைகள் மஞ்சளித்து ஒவ்வொன்றாக உதிர்ந்தன. புதிதாக ஒரு சுருள்கூட எழவில்லை. சம்பாதிக்கிறவனையும் சேர்த்துப் பட்டினி போட்டாயிற்று என்று அவளுக்குப் புரிந்தது. யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை. செடி செத்துக்கொண்டிருந்தது அவளுடைய இரக்கத்தினால்தான்.

பொழுது இருக்கவே சாப்பாட்டை முடித்துக்கொண்டு, ஒரு புது பிளேடைக் கொதிநீரில் போட்டு எடுத்தாள். சுமதிநாதன் தொட்டியைப் பிடித்துக்கொண்டார்.

“பூண்டு நறுக்காத கையி, இன்னிக்கு பிளேடு எடுத்துடுச்சே” என்று சிரித்தார்.

“கிழங்கத் தோண்டினா செடி முடிஞ்சி போவுது. இத வெட்டினாத்தான் செடிக்கு வழி பொறக்கும்.” சொல்லிவிட்டாளே தவிர, பிளேடை இரண்டு தடவை கீழே வைத்து எடுத்தாள். தண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, வெள்ளைக் கோடும் பச்சையும் சரிபாதியாக ஓடிய கணுவைத் தேர்ந்தெடுத்து, அதற்கு ஒரு விரல் மேலே ஒரே இழுப்பில் வெட்டினாள். காயத்தில் மஞ்சள் தூள் அப்பினாள். வெட்டிய மேல்பாகத்தையும் எறியவில்லை. துண்டு துண்டாக்கி ஈர நாரில் ஊன்றினாள். முழு வெள்ளைத் துண்டுகள் அழுகின. கோடு ஓடிய துண்டு ஒன்று மட்டும் வேர் விட்டது.

தாய்ச்செடியின் கணு ஒருநாள் புடைத்தது. கோழி மூக்கு மாதிரி ஒரு தளிர் வந்தது. அது விரிந்தபோது, முதல் இலையைப் போலவே பாதிக்குப் பாதி. தீபாவளிக்குள் ஒன்றுக்கு இரண்டு செடிகள் வராந்தாவில் நின்றன, திண்டிவனத்துக் கத்திரி வெயிலைத் தாண்டி. ராயப்பனுக்குப் போன் பண்ணி, “நின்னுடுச்சிண்ணே” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே அன்று வீட்டில் பாயசம்.

டிசம்பர் கடைசியில் ‘தானே’ புயல் வந்தது.

விடியும் நேரத்தில் கரையேறிய காற்று திண்டிவனத்துக்கு வந்தபோதும் பலம் குறைந்திருக்கவில்லை. வீட்டின் கதவுகளைப் புருஷனும் பெண்டாட்டியும் முதுகு கொடுத்துப் பிடித்துக்கொண்டார்கள். மாடியில் தகரம் பிய்ந்து போகும் சத்தம் கேட்டது. பின்னாலேயே ஏதோ பெரிதாக விழுந்து வீடு அதிர்ந்தது. சந்திரகாந்தா படிக்கட்டுப் பக்கம் ஓடினாள். சுமதிநாதன் அவள் புடவையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். “செடி போனா போவுது. நீ வேணும் எனக்கு.”

காற்று ஓய்ந்து மேலே போனபோது, கிளியம்மாள் வீட்டு வேப்பமரத்தின் பாதி, தகரத்தோடு சேர்ந்து வராந்தாவில் கிடந்தது. ஒரு தொட்டிகூட முழுசாக இல்லை. மான்ஸ்டிரா இருந்த மூலையில் கிளையின் தடித்த பாகம் விழுந்திருந்தது. வெள்ளை இலைகள் சேற்றோடு அரைபட்டு, துவையல்போல ஆகியிருந்தன. கிளியம்மாள் ஓடி வந்து, “யக்கா, எங்க மரம்க்கா” என்று அழுதாள். சந்திரகாந்தா அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, குனிந்து தேட ஆரம்பித்தாள். வேப்பந்தழையைக் கை கையாக அள்ளி ஒதுக்கினாள். பொழுது சாயும்வரை தேடினாள்.

ஒரு துண்டு கிடைத்தது. சுண்டுவிரல் நீளம். இலையில்லை, வேரில்லை, இரண்டு பக்கமும் நசுங்கியிருந்தது. முந்தானையால் சேற்றைத் துடைத்தாள். நடுவில் ஒரு கணு. அதன்மேல் நூலிழைபோல அந்த வெள்ளைக் கோடு.

“இது போதும்” என்றாள்.

ஊரில் பல நாள் கரண்ட் இல்லை. கூரைத் தகரத்துக்கும் ஆணிக்கும் கடையில் ஜனம் அலைமோதியது. சுமதிநாதனுக்குச் சாப்பிட நேரமில்லை. ஆனால் காலையில் கடை சாவியை எடுக்கும் முன் சமையலறைக்குள் எட்டிப் பார்ப்பார். அங்கே கடலை மிட்டாய் ஜாடி ஒன்றுக்குள், நனைத்துப் பிழிந்த தேங்காய் நாரின் மேல் அந்தத் துண்டு படுத்திருந்தது. மார்கழிக் குளிர் தாக்காமலிருக்க அடுப்புப் பக்கம் வைத்திருந்தாள். மூடியைத் திறந்து சற்றுக் காற்றுக் காட்டுவாள், மூடுவாள்.

முதலில் பூஞ்சை படர்ந்தது. பஞ்சால் துடைத்து நாரை மாற்றினாள். பிறகு ஒரு முனை கறுத்துக் கொழகொழத்தது. கறுத்த பாகத்தை வெட்டினாள். மறுவாரம் மறுமுனையும் கறுத்தது. அதையும் வெட்டினாள். கடைசியில் மிஞ்சியது ஒரு விரல் முட்டி அளவுதான். இப்போது அவள் பிளேடைக் கீழே வைத்து யோசிப்பதில்லை. அதை அவளே கவனித்தாள்.

மாசி மாதத்தில் சுமதிநாதன்தான் முதலில் பார்த்தார். “சந்திரா! ஜல்தி வா! அடியில வெள்ளையா இன்னாவோ நீட்டிக்கினு இருக்குது!” வேர். பின்னாலேயே தளிரும் வந்தது. இரண்டு பேரும் ஜாடியை மாற்றி மாற்றிக் கையில் வாங்கிப் பார்த்தார்கள்.

தொட்டிக்கு மாற்றிய பிறகு முதல் இலை பிரிந்தது. பச்சை. சரி, முதல் இலைதானே என்று இருந்தார்கள். இரண்டாவதும் பச்சை. மூன்றாவது, ஒரு பொட்டு வெள்ளைகூட இல்லாமல், கடையில் விற்கிற சாதாச் செடி மாதிரி பளபளவென்று விரிந்தது. சந்திரகாந்தா தொட்டியைச் சுவரோரம் தள்ளி வைத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ராயப்பன் வந்தார். புயல் அவர் நர்சரியையும் விட்டுவைக்கவில்லை. வலை, பந்தல் எல்லாம் கடலோடு போயின, உப்புக்காற்று மிச்சத்தைக் கருக்கிவிட்டது. திரும்பப் பந்தல் போடக் கம்பியும் கொக்கியும் வாங்கக் கடைக்கு வந்தவரைச் சுமதிநாதன் வீட்டுக்குக் கூட்டி வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். செடியைப் பார்த்ததும் தலையை ஆட்டினார்.

“திரும்பிடுச்சிம்மா. இனிமே பச்சைதான். விட்டுடுங்க. இத்தினி பாடுபட்டு உசுரு பொழச்சிருக்குது, பச்சையாவாவது இருக்கட்டும்.”

சந்திரகாந்தா தொட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் வைத்தாள். தண்டை விரலால் மெல்லத் திருப்பினாள். முன்பக்கமெல்லாம் பச்சை. பின்பக்கம், சுவரைப் பார்த்த பக்கம், முடி அளவில் ஒரு வெள்ளை இழை கீழேயிருந்து ஏறி, இரண்டாவது கணுவின் மேல் சரியாக ஓடி, அதற்கு மேல் மறைந்துபோயிருந்தது. அந்தக் கணுவில் மொட்டு தூங்கிக்கொண்டிருந்தது.

“அண்ணே, இங்க பாருங்க.”

“தெரியிது. ஆனா அது மேல வெட்டினா மிஞ்சறது ரெண்டே இலை. வேரும் இப்பத்தான் புடிச்சிருக்குது. தாங்காது. மொத்தமும் பூடும்.”

“போகாது.”

“அம்மா, பேஜாராப் பூடும், சொல்றதக் கேளுங்க—”

அவள் பிளேடை இழுத்துவிட்டாள். அருமையாக வளர்ந்திருந்த அந்தப் பச்சைத் தலை தரையில் விழுந்தது. “ஐயோ” என்று கண்ணை மூடிக்கொண்டவர் ராயப்பன்தான். சந்திரகாந்தா காயத்தில் மஞ்சளை வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, “மோர் குடிச்சிட்டுப் போங்கண்ணே” என்றாள்.

அடுத்து வந்த கோடை அவளுக்கு நீண்டது. கணு அப்படியே இருந்தது. மாடி வராந்தாவில் செடியைச் சுற்றி ஈரச்சாக்கைக் கட்டித் தொங்கவிட்டாள், புதுத் தகரத்தின் மேல் தென்னங்கீற்றைப் பரப்பச் சொன்னாள், தானும் அந்த வெப்பத்தில் அங்கேயே குந்தி அரிசி புடைத்தாள். வெட்டியது தப்போ என்று ஒருநாளும் அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஆனி பிறந்து முதல் மழை பெய்த வாரம் மொட்டு விழித்தது. சுருள் நீண்டு வந்தது. அதன் ஒரு பக்கம் வெளிறித் தெரிந்தது. வெளிச்சத்தினால் அப்படித் தோன்றுகிறதோ என்று அவள் நம்பப் பயந்தாள். ஒரு காலை அது பிரிய ஆரம்பித்தது. சுமதிநாதன் கடையைத் திறக்கப் போகவில்லை. கிளியம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். மெதுவாக, யாரோ உள்ளேயிருந்து விசிறியை விரிப்பதுபோல, இலை திறந்தது.

நடு நரம்புக்கு இந்தப் பக்கம் பச்சை. அந்தப் பக்கம் பால் வெள்ளை.

“யம்மாடி!” என்று கிளியம்மாள் கத்திய சத்தத்தில் எதிர் வீட்டு ஜன்னல்கள் திறந்தன. சுமதிநாதன் வேட்டி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார். சந்திரகாந்தா மட்டும் அழவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, சண்டையில் ஜெயித்தவள்போல நின்று சிரித்தாள்.

மறுநாளே ராயப்பன் பஸ் ஏறி வந்துவிட்டார். பார்த்தார். கை கூப்பினார். “தோத்துட்டேம்மா.”

“நீங்க சொல்லிக் குடுத்ததுதானேண்ணே.”

“நான் விட்டுடுங்கன்னேன். நீங்க வெட்டினீங்க. ரெண்டும் ஒண்ணா?”

அடுத்த கன்று வேர் பிடித்ததும் அதை அவருக்குத்தான் கொடுத்தாள். காலியாகிவிட்ட நர்சரியில் புதுப் பந்தலுக்குக் கீழே அவர் முதலில் வைத்தது அந்தக் கன்றைத்தான். என்ன பேர் சொல்லி விற்பது என்று கேட்டார். ஊர்ப் பேரையே வைத்துவிடுங்கள் என்றாள். அவர் அட்டையில் ‘திண்டிவனம் வெள்ளை’ என்று எழுதிக் குத்தினார். அவள் வீட்டுக்கு வந்து கேட்டவர்களில் ஒருவரும் வெறுங்கையோடு திரும்பவில்லை. பஸ்ஸில், ரயிலில், ஈரத்துணி சுற்றிய துண்டுகளாக அந்தச் செடி ஊர் ஊராகப் போனது. எங்கே போனது, யார் வீட்டில் நின்றது என்பதெல்லாம் அவளுக்கே தெரியாமல் போயிற்று.

2015ல் விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் செடிப் பிரியர்கள் சேர்ந்து கண்காட்சி போட்டார்கள். சுமதிநாதனும் சந்திரகாந்தாவும் சும்மா பார்க்கத்தான் போனார்கள். நடுவிலிருந்த மேசையில் ஆளுயரத்துக்கு ஒரு மான்ஸ்டிரா, இலைக்கு இலை பச்சையும் வெள்ளையும் போட்டி போட்டுக்கொண்டு நின்றது. சுற்றிலும் கூட்டம். பக்கத்தில் கோலியனூரிலிருந்து வந்த அரிபிரசாத் என்ற பேங்க் ஊழியர் பெருமையோடு நின்றிருந்தார்.

“நீங்களே வளத்ததாங்க?” என்று சந்திரகாந்தா கேட்டாள்.

“ஆமாம்மா. திண்டிவனம் வெள்ளைன்னு பேரு. இலையப் பாத்து மயங்கிடக் கூடாது, தண்டுல ஒரு கோடு ஓடும், அதான் முக்கியம். எல்லாரும் வெட்றதுக்குப் பயப்படறாங்க. பயந்தா செடி போச்சி.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இதக் கண்டுபுடிச்சது ஒரு வெள்ளக்காரராம். பாண்டிச்சேரிக்கு வந்தவரு, திண்டிவனத்துல கொஞ்ச நாள் தங்கியிருந்தாராம்.”

சுமதிநாதன் வாயைத் திறந்தார். அவர் முழங்கையில் ஒரு கிள்ளு விழுந்தது. மூடிக்கொண்டார்.

“அப்பிடிங்களா!” என்றாள் சந்திரகாந்தா. “வெள்ளக்காரங்க கெட்டிக்காரங்கதான்.”

அவள் செடியை விட்டு நகராமல் நின்றதைப் பார்த்த அரிபிரசாத்துக்கு மனசு இளகிவிட்டது. மேசைக்கு அடியிலிருந்து, ஈர நாரில் சுற்றிய ஒரு துண்டை எடுத்து நீட்டினார். “வெச்சிப் பாருங்கம்மா. மொதல்ல பச்சையா வந்தா மனசு வுட்டுடாதீங்க. செத்துப்போனாலும் பரவால்ல, மறுபடி வாங்க, தர்றேன்.”

சந்திரகாந்தா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில் சுமதிநாதன் பொறுமிக்கொண்டே வந்தார். “வெள்ளக்காரனாம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னா? மண்டபமே எழுந்து நின்னிருக்கும்.” அவள் கேட்கவில்லை. நாரைப் பிரித்து, துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோடு கணுவின் மேல் சரியாக ஓடியது. வெட்டு அதற்கு ஒரு விரல் தள்ளி, ஒரே இழுப்பில், பிசிறில்லாமல் விழுந்திருந்தது.

“நல்லா வெட்டியிருக்காருங்க” என்று சொல்லிவிட்டு, பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தமாகச் சிரித்தாள்.